எங்கட கிணத்தால வந்த சீனி

என்னைக் கட்டின மனிசனுக்குச் சீனி வருத்தம், டொக்டர்மார் சொல்கிற நீரிழிவு, வந்தது எங்கள் வீட்டுக் கிணற்றால். நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். கிளினிக்கில் சொல்கிறார், பள்ளியில் தொழுதுவிட்டு வாசலில் நின்று சொல்கிறார், கருவாடு ஏற்ற வரும் லொறிக்காரரைக்கூட விடமாட்டார். அந்தக் கிணறு என்ட வாப்பா தன் கையால் வெட்டின கிணறு. பள்ளிவாசல்துறையில் கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் உப்புத் தட்டாத தண்ணீர் வேறு எந்த வளவில் இருக்கிறதென்று ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள். நோன்பு காலத்தில் அக்கம்பக்கத்தார் குடத்தோடு வந்து நிற்பார்கள். வாப்பா மௌத்தாகி மையவாடியில் கிடக்கிறார், எழும்பி வந்து பதில் சொல்ல அவரால் ஏலாது. அந்தத் தைரியம்தான் இந்த மனிசனுக்கு.

அவர் மன்னார்ப் பக்கத்து ஆள். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை ஊரை விட்டு வெளியேற்றினபோது மீசை அரும்பாத வயது. உடுத்த சாரனோடு உம்மாவையும் கூடப்பிறந்த ராத்தாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் புத்தளத்துப் பக்கம் வந்து, கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்து, கருவாட்டு வியாபாரம் பழகி, பிறகு என்னைக் கலியாணம் முடித்தார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. ஆக, கலியாண நாளிலிருந்து அவர் குடித்தது, குளித்தது, ஒளு எடுத்தது எல்லாம் என்ட வாப்பாட கிணற்றில். இருந்தும் அவருக்கு அது "உங்கட தண்ணி". இந்த ஊர் "உங்கட ஊர்". எங்கட ஊர் என்று அவர் வாயில் வந்தால் அது மன்னார்தான். மௌத்தானால் அங்கே கொண்டுபோய்த்தான் அடக்க வேண்டும் என்று என்னிடம் எத்தனையோ தரம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"எங்கட ஊர்ல ஒருத்தருக்கும் சீனி இருக்கல்ல," என்பார். "வெறுங்காலோட நடந்தம். வேர்வை ஊத்திச்சு. பனங்கட்டியக் கடிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சம். இங்க வந்து உங்கட தண்ணியும் உங்கட தேங்காப்பாலும் உள்ளுக்குப் போனபிறகுதான் ரத்தம் இனிச்சது."

"உங்கட ஊர்ல அந்தக் காலம் யாராவது ரத்தம் சோதிச்சுப் பாத்தாங்களா?"

"வருத்தமே இல்லாத ஊர்ல என்னத்துக்குச் சோதிக்கிற?"

இப்படிச் சொல்கிற மனிசனோடு என்னத்தைக் கதைப்பது? சுவரில் தலையை முட்டலாம், சுவராவது நோகும்.

அவர் மட்டுமென்றால் பரவாயில்லை. கரைத்தீவில் அவருடைய கூட்டாளிகள், சாச்சா மக்கள், எல்லாருக்கும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஒருவர் தண்ணீரைக் குற்றம் சொல்வார், ஒருவர் அரிசியைச் சொல்வார், ஒருவர் கண்ணூறு என்பார். அதில் வயதான ஒருவர் மட்டும், "மனவேதனைதான். ஊர உட்ட கவலை ரத்தத்துக்குள்ள போய்க் கரையுது," என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு அதைக் கேட்கப் பாவமாக இருந்தது. ஆனால் சொன்ன கையோடு அவர் தட்டிலிருந்த இனிப்புத் தொதலில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டார்.

கிளினிக்கை இந்தக் கூட்டம் பார்க்கிறதே ஒரு சோதனை எழுதுகிற மாதிரி. மாதம் முழுக்க இடியப்பமும் சொதியும், பாணும் சம்பலும், புரியாணி கிடைத்தால் புரியாணியும். கிளினிக் கிட்டினால் என்னுடைய மனிசன் கஞ்சிக்கு இறங்கிவிடுவார். பாகற்காய்ச் சாறு குடித்து, முகத்தைச் சுளித்து, யாசீன் ஓதி, ரத்தத்தை அப்படியே அடக்கிக் கொண்டுபோய்க் காட்டுவார். "பாஸ்!" என்று சொல்லிக்கொண்டு வருவார். வருகிற வழியிலேயே கற்பிட்டிச் சந்தியில் முச்சக்கர வண்டியை நிற்பாட்டி ஒரு கொத்துரொட்டி.

பிறகு ஒரு புதுப் பெண் டொக்டர் வந்தா. சின்னப் பிள்ளை. கொழும்பில் படித்துவிட்டு வந்த முகம். அவ இவருடைய பாஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு ஒரு ரத்தச் சோதனை செய்யச் சொன்னா. கடந்த மூன்று மாதமும் உடம்பில் சீனி எப்படி இருந்ததென்று அது சொல்லுமாம். சொல்லியும் விட்டது. என்னுடைய மனிசனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"மூணு மாசத்துக்கு முந்தித் திண்டதயும் போய்ச் சொல்லுமா? கோள்மூட்டி ரத்தம்!"

அன்றிலிருந்து விழுங்குகிற குளிசை கூடியது. குளிசை கூடினதும் அவருக்குச் சூடு ஏறியது. "குளிசை வேலைக்கு உதவாது. சீனிய வேர்வையில இறக்கணும். எங்கட ஊர்ல செருப்பா போட்டம்?" என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கரையில் கருவாடு காயப்போடுகிற வாடிகளுக்கெல்லாம் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். சீனி உள்ளங்கால் வழியாக மணலுக்குள் இறங்குமாம். கால் சுடவில்லையா என்று கேட்டால், "பாத்தியா, சுடவேயில்ல. உடம்பு பழகிட்டு," என்று சந்தோசப்படுவார். சுடாததுதான் வருத்தம் என்று அவருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

ஒரு நாள் பின்னேரம் நான் விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், சீமெந்து நிலத்தில் வாசலிலிருந்து கதிரை வரைக்கும் ரத்தப் பொட்டுகள். கோழியைப் பூனை கடித்துவிட்டது என்று பூனையை ஏசிக்கொண்டே பொட்டைப் பிடித்துக்கொண்டு போனால், கதிரையில் மனிசன் காலை ஆட்டிக்கொண்டு ரேடியோ கேட்கிறார். வலது கால் சின்ன விரலில் கெழுத்தி முள் ஒன்று அடியால் ஏறி மேலால் எட்டிப் பார்க்கிறது.

"யா அல்லாஹ், நோகல்லயா?"

"என்னது நோகிற?" என்றார்.

ரத்தத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை. மீன் வெட்டி வளர்ந்தவள் நான். "என்னது நோகிற" என்று அவர் கேட்டாரே, அதற்குத்தான் பயந்தேன்.

புண் ஆறவில்லை. அடுத்த கிளினிக்கில் அந்த டொக்டர் பிள்ளை துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, கதிரையை இவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னா. "ஐயா, இனிக் குளிசை காணாது. இன்சுலின் ஊசி தொடங்கோணும். தொடங்காட்டி விரல் போகும். விரலோட நிக்காது, காலும் போகும்."

"டொக்டர்," என்றார் இவர், இன்னும் மெதுவாக. "ஊசி போட்டா ஆளே போகும்."

சொன்ன மனிசன் சிரிக்கவில்லை. அவருடைய உம்மாவுக்கும் சீனி. கரைத்தீவில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஊசி தொடங்கினார்கள், தொடங்கின மாதமே மாமி மௌத்து. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஊசி என்றால் கபுறு வெட்டச் சொல்லி அனுப்புகிற மாதிரி. ஊசிக்குச் சம்மதிப்பதற்கு அவருக்கு வேறு அர்த்தமே இல்லை. டொக்டர் அடுத்த கிளினிக் வரைக்கும் தவணை தந்தா. அதற்குள் சீனி இறங்காவிட்டால் ஊசிதான், மறுக்க ஏலாது என்றா. வரும் வழியெல்லாம் நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலோடு இவர் இன்னும் எவ்வளவு தூரம் நடக்கப் போகிறாரோ என்பதுதான் என்ட யோசனை.

செய்தி பரவினதும் வைத்தியம் வந்து குவிந்தது. இனிப்புக்குக் கசப்புத்தான் எதிரி, கசப்பு உள்ளே போனால் இனிப்பு வெளியே ஓடும் என்பதில் மட்டும் எங்கள் கரையில் சாதி சமயம் பார்க்காமல் எல்லாரும் ஒற்றுமை. மாம்புரியிலிருந்து மரக்கறி கொண்டுவரும் கத்தோலிக்க அக்கா ஒரு கூடை பாகற்காய் தந்து, மாதாவுக்கு நேர்த்தியும் வைத்ததாகச் சொன்னா. கரைத்தீவுக் கூட்டம் வேப்பங்கொழுந்தும் ஓதி ஊதின தண்ணீரும் அனுப்பியது. நான் வெந்தயம் ஊறப்போட்டேன். வீடே கசந்தது. சட்டி கசந்தது, கரண்டி கசந்தது. எல்லாவற்றையும் மனிசன் ஒழுங்காகக் குடித்தார், குடித்துவிட்டுச் சோற்றை முந்தியைவிடக் கூடப் போடச் சொன்னார். கசப்பு சோற்றை வெட்டிவிடுமாம்.

பிறகுதான் அந்தக் கோப்பை வந்தது. சிலாபத்தில் இவரிடம் கருவாடு எடுக்கிற சிங்கள முதலாளி, நல்ல மனிசன், சீனிக்கு மருந்தென்று சொல்கிற கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த ஒரு கோப்பையைக் கொடுத்தனுப்பினார். இரவு அதில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் வெறுவயிற்றில் குடிக்க வேண்டும். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். தெற்கில் நிறையப் பேர் அப்படிக் குடிக்கிறார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னுடைய மனிசன் அதைக் கைக்குள் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். பிள்ளை பிறந்தபோதுகூட இந்த மனிசன் அப்படிப் பார்க்கவில்லை.

கோப்பை வந்த பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி. காலையிலும் அதில்தான் குடிக்கிறார், பத்து மணிக்கும் அதில்தான், பின்னேரமும் அதில்தான். நான் நல்லதென்றுதான் நினைத்தேன். இதற்கிடையில் அவர் சொந்தமாக ஒரு சோதனையும் செய்துகொண்டிருந்தார். வேலி ஓரமாகச் சலம் போய்விட்டு, அந்த இடத்தில் எறும்பு வருகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பது. எறும்பு வந்தால் சீனி இருக்கிறது, வராவிட்டால் இல்லை. அவருடைய ஊரில் அப்படித்தான் பார்ப்பார்களாம். அப்போ ஊரில் யாருக்கோ இருந்திருக்கிறதே என்று கேட்டதற்கு, அது வேறு சீனி என்றார்.

"வா, வந்து பார். ஒரு எறும்பு இல்ல!" என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எப்படி வரும்? என்ட கத்தரிக்கன்றை எறும்பு அரிக்கிறதென்று அந்த வேலி முழுக்க நான்தான் மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டுவைத்திருக்கிறேன். சொன்னேன். அவர் நம்பவில்லை. பொறாமையில் சொல்கிறேனாம்.

மறுநாள் குசினி யன்னலில் கவிழ்த்திருந்த மரக்கோப்பையைக் கழுவ எடுத்தேன். வேலியில் வராத எறும்பெல்லாம் அதற்குள் இருந்தது. அடியில் கெட்டியாகக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பனங்கட்டி.

"இஞ்ச வாங்க!" நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஆடு கத்தியது.

மனிசன் நொண்டிக்கொண்டு வந்து, கோப்பையைப் பார்த்து, ஒரு சொட்டு வெட்கமில்லாமல் விளக்கம் சொன்னார். தேத்தண்ணியில் பனங்கட்டியைக் கரைத்து இந்தக் கோப்பையில் ஊற்றினால், சீனியை எல்லாம் மரம் உறிஞ்சிக்கொள்ளும், நாக்குக்கு ருசி மட்டும்தான் வரும். அதுவும் வெள்ளைச் சீனி இல்லையே. ராத்தா மன்னாரிலிருந்து அனுப்பின பனங்கட்டி. "எங்கட மண்ணுட சாமான். அது என்னை ஒண்டும் செய்யாது."

"அல்லாட மேல ஆணையா நீங்க ஒரு விசர் மனிசன்! இந்தக் கோப்பை உறிஞ்சுறதெண்டா முதலாவது உங்கட மூளையத்தான் உறிஞ்சிருக்கு!"

கோப்பையையும் பனங்கட்டிப் பெட்டியையும் எடுத்து என்னுடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் சொருகினேன். அவர் கதிரையில் போய் உட்கார்ந்தார். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விரலைப் பார்த்தார். "ஒருக்கா ஊருக்குப் போயிட்டு வருவமா?" என்றார். "அந்தக் கிணத்துத் தண்ணி கொஞ்சம் குடிச்சா எல்லாம் இறங்கும். அதுக்கும் இறங்காட்டி நீ சொல்ற மாதிரிச் செய்."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு ஏச எனக்கு மனம் வரவில்லை. சரி என்றேன்.

புத்தளத்தில் ஏறி, அநுராதபுரத்தில் மாறி, மன்னார் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். யுத்தம் முடிந்த பிறகு திரும்பிப் போய்க் குடியேறின மைனி, இவருடைய ராத்தா, அதே பழைய வளவில் புதுக் கூரை போட்டு இருக்கிறா. மனிசன் ராத்தாவுக்கு ஸலாமும் சொல்லாமல், பையையும் இறக்காமல், நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளினார். இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முகம் ஒரு நொடி கோணியது. நான் பார்த்துவிட்டேன்.

"இனிக்குது," என்றார்.

நானும் ஒரு வாய் வைத்தேன். சுத்த உப்பு. அதில் மீனைப் போட்டால் கருவாடாகிவிடும்.

"எங்கட கிணத்தால சீனி வந்ததெண்டா, இந்தக் கிணத்தால பிறஷர்தான் வரும்," என்றேன். மைனி வாயைப் பொத்திக்கொண்டா. இவர் காதில் விழாத மாதிரி இன்னொரு வாளி அள்ளினார்.

பின்னேரம் ஊர் ஆண்கள் இவரைப் பார்க்க வந்தார்கள். கூடப் படித்தவர்கள், ஒன்றாகப் புத்தளத்தில் அகதி வாழ்க்கை வாழ்ந்து பிறகு திரும்பி வந்தவர்கள். நானும் மைனியும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். இவர் தன்ட கதையை எடுத்துவிட்டார். புத்தளத்துத் தண்ணீர், தேங்காய்ப்பால், ரத்தம் இனித்தது. சொல்லி முடித்து, "இங்க உங்களுக்கெல்லாம் சுகம்தானே?" என்றார்.

ஒருவர் இருமினார்.

"எங்க மச்சான் சுகம்? எனக்கு இங்க வந்தபிறகுதான் சீனி. புத்தளத்துல இருக்கக்குள்ள ஒரு வருத்தமும் இருக்கல்ல."

"எனக்கும்," என்றார் இன்னொருவர். "அங்கத்த தண்ணி நல்ல தண்ணி. இந்த உப்புத் தண்ணிதான் எங்களுக்கு ஒத்துக்கொள்ளல்ல."

"வரக்குள்ள ரெண்டு கேன் புத்தளத்துத் தண்ணி கொண்டந்திருக்கலாமே!"

எனக்கு வந்த சிரிப்பு! துப்பட்டியைச் சுருட்டி வாய்க்குள் திணித்தேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. மைனி என்னைத் தள்ளிக்கொண்டு குசினிக்குள் போனா, இல்லாவிட்டால் அன்றைக்கு என்ட மானம் போயிருக்கும்.

வந்தவர்கள் போன பிறகு மைனி சாப்பாடு எடுத்துவைத்தா. வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, முட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, ஊசியில் இழுத்து, சட்டையை ஒரு பக்கம் ஒதுக்கி, பிஸ்மி சொல்லி வயிற்றில் குத்திக்கொண்டா. குத்தும்போதே என்னிடம், "அந்தக் கறிச்சட்டிய மூடு புள்ள, ஈ விழப்போகுது," என்றா.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேட்டு இவர் குசினி வாசலுக்கு வந்தார். வந்தவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"ராத்தா... ஊசியா?"

"ஓம். வேறென்ன, கோணி ஊசியா?"

"எவ்வளவு காலமா?"

"உம்மாட நாப்பதாம் நாள் ஓதின கையோட தொடங்கினது."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அண்டைக்கே நீ எனக்குக் கபுறு வெட்டி வெச்சிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியாதா?"

இவர் நிலத்தில் குந்திவிட்டார். மைனி போத்தலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து, இவருக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தா. "இஞ்ச பார். உம்மாவ ஊசி கொல்லல்ல. டொக்டர் சொல்லச் சொல்ல, ஊசி வேணாம் வேணாமெண்டு உம்மா கடத்திக் கடத்தி, ஏலாத கட்டத்துலதான் கைய நீட்டினா. ஊசி வந்து சேரக்குள்ள உம்மா போற வழியில நிண்டா. நான் கூட இருந்து பாத்தவ. நீ கடையில நிண்டாய்." சொல்லிக்கொண்டே கண் இவருடைய காலுக்குப் போய்விட்டது. துணியை அவிழ்த்தா. விரல் கறுத்திருந்தது. காலையில் நான் கட்டும்போது இருந்ததைவிடக் கறுப்பு.

மைனிக்கு மாமியின் சத்தம். "நீயும் போற வழியில நிக்கப் போறியாடா? உன்னை நம்பி ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்காளே, அவளுக்கு என்ன பதில் சொல்லப் போறாய்?" என்று கத்தினா. மனிசன் என்னைப் பார்த்தார். நான் துணியை எடுத்துக் காலில் திருப்பிக் கட்டினேன். விடியச் சுபஹு தொழுத கையோடு வந்த வழியே திரும்பினோம். கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளவில்லையா என்று மைனி கேட்டதற்கு, "வேணாம் ராத்தா," என்று மட்டும் சொன்னார்.

நேரே ஆஸ்பத்திரி. விரலைக் காப்பாற்ற ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஊசி தொடங்கி, விரலையும் எடுத்துவிட்டால் கால் தப்பும். "தொடங்குங்க," என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஊசி போட எனக்குப் பழக்கினது வார்ட்டில் இருந்த நேர்ஸ் மிஸ். முதலில் தோடம்பழத்தில் குத்திப் பார்க்கச் சொன்னா. தோடம்பழத்தில் நான் நல்ல கெட்டிக்காரி. கலியாணம் முடித்த நாளிலிருந்து சேர்ந்த கோபத்தை எல்லாம் ஒரே ஊசியில் குத்தித் தீர்க்க அல்லாஹ் தந்த வசதி என்றுதான் நினைத்துக்கொண்டு இவருக்குக் கிட்டப் போனேன். வயிற்றுத் தோலைப் பிடித்ததும் அந்தக் கோபம் எங்கேயோ போய்விட்டது. இவர் கண்ணை இறுக்கி மூடிக் கலிமாச் சொல்லிக்கொண்டு கிடந்தார். குத்தினேன்.

"குத்து, ஏன் மினக்கெடுறாய்?" என்றார்.

"குத்திட்டன்."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "குத்திட்டியா? நுளம்பும் இதவிடக் கடிக்குமே!" இதற்குத்தானா இத்தனை காலமும் பயந்தோம் என்று, அன்றைக்கு முழுக்க வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அடுத்தநாள் விரலை எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் உடம்பின் ஒரு பாகத்தை எறியமாட்டார்கள், அடக்க வேண்டும். மிஸ்ஸிடம் சொன்னேன், துணியில் சுற்றித் தந்தா. கரைத்தீவுக் கூட்டம் அதற்குள் வந்துவிட்டது. மீன் ஆட்கள் அல்லவா, கையோடு மீன் போடுகிற ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கொண்டுவந்திருந்தார்கள். வெளியே வேனும் தயார். கட்டிலைச் சுற்றி நின்று பேச்சுத் தொடங்கியது. மன்னாருக்குக் கொண்டுபோய் இவருடைய வாப்பாட கபுறுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், அதுதான் அவருடைய ஆசை என்று ஒரு பகுதி. மாமி கரைத்தீவில் தனியாகக் கிடக்கிறா, தாய்க்குப் பக்கத்தில் பிள்ளையின் விரலாவது இருக்கட்டும் என்று இன்னொரு பகுதி. ஒரு சின்ன விரலுக்கு இந்தச் சண்டை. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள ஐயா எட்டிப் பார்த்து, பெட்டியில் என்ன மீன் என்று என்னிடம் கேட்டார். விரலென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாரை," என்றேன். நல்ல மீன் என்று தலையாட்டினார்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"பள்ளிவாசல்துறையில வைங்க," என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்தார்.

"என்ன மச்சான் கதைக்கிறீங்க? மன்னாருக்குத்தானே..."

"மாமாட கால்மாட்டுல வைங்க. நாளைக்கு நானும் அங்கதானே வரப்போறன். மறுமை நாள் மஹ்ஷர்ல எழும்பக்குள்ள விரலத் தேடி மன்னாருக்கு ஓடச் சொல்றீங்களா?"

மாமா என்றால் என்ட வாப்பா. கிணறு வெட்டின என்ட வாப்பா. நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வார்ட் முழுக்கப் பார்த்தது. பாரைக்கு இப்படி அழுகிறாளே என்று அந்தச் சிங்கள ஐயா நினைத்திருப்பார்.

"ஏன் இப்பிடி அழுறாய்? ஒரு விரல்தானே," என்றார் மனிசன்.

"சும்மா கிடங்க. உங்களுக்கு விளங்காது."

"சரி சரி. நாளைக்கு வரக்குள்ள ஒரு போத்தல் தண்ணி கொண்டா. இங்கத்த குழாய்த் தண்ணி குடிக்கேலாது. எங்கட கிணத்துத் தண்ணி."

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தான் என்ன சொன்னாரென்று அந்த மனிசனுக்கே தெரியாது. நான் அவரிடம் திருப்பிக் கேட்கவுமில்லை, கேட்டால் உப்புத் தண்ணீர் குடித்த வீம்பில் மாற்றிச் சொன்னாலும் சொல்லுவார்.

அடுத்தநாள் காலையில் எங்கள் பள்ளி மோதினார் வந்து, வெள்ளைத் துணியில் சுற்றின அந்தச் சின்னப் பொட்டலத்தை மையவாடிக்கு எடுத்துப் போனார். பெண்கள் போவதில்லை. நான் போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாளியை இறக்கிவிட்டு, கிணற்றுச் சுவரில் சாய்ந்து உள்ளே பார்த்து, "வாப்பா," என்றேன், "ஒரு விரல் வருது. கொஞ்சம் ஒதுங்கிக் குடுங்க. ஆள் பிறகு வருவார், அவசரமில்ல."